மொழிப் பட்டப்படிப்பு: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:
ஊட்டி அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு தம்பி மகளோடு போயிருந்தேன். பி.ஏ. தமிழுக்கு பிளஸ் டூ தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனி வரிசை, தெரியும்தானே. எங்களுக்கு முன்னால் தோட்ட வேலை செய்யும் ஒரு அப்பாவும் மகளும். அந்தப் பிள்ளை மொத்தத்தில் சுமார், தமிழில் தொண்ணூறுக்கு மேல். கூப்பிட்டதும் அப்பா எழுந்து, "பி.காம். ஏதும் காலி இருக்குங்களா சார்?" என்றார். மகள் அவர் கக்கத்தில் இருந்த ஃபைலை உருவி மேசையில் வைத்துவிட்டு, "தமிழே போடுங்க சார்" என்றாள். அவர் ஸ்வெட்டர் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். ஏனோ அந்தப் பித்தான்தான் கண்ணிலேயே நிற்கிறது.

குன்னூர் டீச்சர்:
அப்பாவின் பயம் நியாயம். எம்.ஏ. தமிழ் முடித்த என் மாணவன் சாக்லேட் கடையில் எனக்கே கால் கிலோ நிறுத்துக் கொடுத்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டம் மட்டும் போதாது என்பதை முதல் வருடமே சொல்லிவிட வேண்டும். பள்ளி வேலைக்கு பி.எட். இரண்டு வருடம். பட்டதாரி ஆசிரியர் என்றால் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள், அப்புறம் போட்டித் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு டெட் வேண்டாம், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டிஆர்பி தேர்வு உண்டு. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.ஏ.வில் பொதுவாக 55 சதவீதம், கூடவே நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வு. அதுவரை சும்மா இருக்காமல் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதலாம். அதில் தமிழ் மட்டும் 150 மதிப்பெண், 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் தொடவே மாட்டார்கள். தமிழ் படித்தவர்களுக்கு அது லாபம்தான்.

கொடைக்கானல் வாசி:
டீச்சர், அனுபவம் கேட்டால் அட்டவணையா? எல்லாரும் வாத்தியார் வேலைக்கேவா போக வேண்டும்? வட்டக்கானல் டீக்கடையில் ஒரு பையன் போனில் சரளமாக ஜப்பானியம் பேசிக்கொண்டிருந்தான், டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல். பெங்களூர் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலையாம். டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஜப்பானியம் சேரும்போது ஓர் எழுத்துகூடத் தெரியாதாம்.

குன்னூர் டீச்சர்:
நல்லது. ஆனால் அங்கே சேர க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், டெல்லியில் தங்க வேண்டும். அந்த அப்பா அனுப்புவாரா?

கொடைக்கானல் வாசி:
அனுப்புவாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும், நாம் ஏன் முடிவு செய்கிறோம்?

கூடலூர்:
சண்டை அப்புறம். டீச்சர், எம்.ஏ. தமிழ் தபாலில் படிக்கிறேன். டிஆர்பிக்குச் செல்லுமா?

குன்னூர் டீச்சர்:
யுஜிசி அனுமதி உள்ள பல்கலைக்கழகம்தானே? பி.ஏ.வும் தமிழ்தானா? அதை முதலில் சொல்லுங்கள்.