புதுப்பிப்பு: அந்த டாட் டேட் கோப்புகள் திறந்துவிட்டன

பழைய ஹார்ட் டிஸ்க்கில் பெயர் டேட் (.dat) என்று முடியும் ஆறு கோப்புகள் கிடந்தன, எதில் திறந்தாலும் குப்பை எழுத்துகள்தான் வருகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, "பெயரை நம்பாதே, ஹெக்ஸ் எடிட்டரில் முதல் சில பைட்டுகளைப் பார்" என்ற யோசனை. (ஹெக்ஸ் எடிட்டர் என்பது கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் நிரல்.) ஐந்து கோப்புகள் ஆர்ஐஎஃப்எஃப் (RIFF) என்ற எழுத்துகளோடு ஆரம்பித்தன, கொஞ்சம் தள்ளி சிடிஎக்ஸ்ஏ (CDXA). அதாவது வீடியோ சிடியிலிருந்து அப்படியே நகலெடுத்தவை, உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற பழைய வீடியோ வடிவம். விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டதும் ஓடின. நான் முதலில் செய்த மாதிரி நோட்பேடில் திறந்து 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள், அந்த நகல் கெட்டே போய்விட்டது. நல்லவேளை, மூலம் தனியாக இருந்தது.

அப்புறம் எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் நிரலை வைத்து எம்பி4 ஆக்கினேன். படம் 352×288 தான், எதில் மாற்றினாலும் தெளிவு கூடாது. வெறும் பெயரை எம்பிஜி என்று மாற்றியபோது ஒரு பிளேயரில் ஓடியது, இன்னொன்றில் ஓடவில்லை, ஏனென்றால் சிடி தரவைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு 2352 பைட் துண்டிலும் (செக்டர்) 2324 தான் வீடியோ, மீதி சிடியின் சொந்தக் கணக்கு.

எதிர்பாராதது ஆறாவது கோப்பு. அது வீடியோவே இல்லை! ஆரம்பமே 78 9எஃப் 3இ 22. அவுட்லுக் மின்னஞ்சல் நிரல் இணைப்புகளை மூட்டையாகக் கட்டி அனுப்பும் வின்மெயில் டேட் (winmail.dat) வகை, யாரோ பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். டிஎன்இஎஃப் என்ற அந்த மூட்டை வடிவத்தைப் பிரிக்கும் சின்ன நிரலில் போட்டதும் உள்ளே ஒரு வேர்டு ஆவணமும் இரண்டு படங்களும் இருந்தன.