எண்டோடாக்சின்: ‘அகநச்சு’ வேண்டாம், ‘சுவர்நச்சு’ எனலாம்

சிலவகை பாக்டீரியாவின் உடற்பகுதியாகவே உள்ள நச்சு எண்டோடாக்சின். அதற்குத் தமிழில் ‘அகநச்சு’ என்பதையே நிலைநிறுத்தலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த நச்சு பாக்டீரியாவின் அகத்தில் இல்லை. கிராம் எதிர் பாக்டீரியாவின் (கிராம் சாயமேற்றும் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காதவை) செல்சுவரில், பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பின்னலான மெல்லிய அடுக்கைச் சூழ்ந்து ஒரு புறச்சவ்வு உண்டு. அதன் வெளிப்பக்க அடுக்கு பெரும்பாலும் கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடால் ஆனது. அந்த மூலக்கூற்றைச் சவ்வில் ஊன்றிப் பிடித்திருக்கும் ‘லிப்பிட் ஏ’ என்னும் பகுதிதான் நஞ்சாகச் செயல்படுகிறது.

காலரா கிருமியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஃபைஃபர், சூடாக்கிக் கொன்ற கிருமிகளும் கினிப் பன்றிகளுக்கு நஞ்சானதைக் கண்டு, கிருமிக்குள் அடைபட்ட நஞ்சு அது சிதையும்போது வெளிவருகிறது என்று 1892இல் கருதினார். ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘எண்டோ’ என்ற முன்னொட்டு அப்படி வந்ததே. இன்று சொல்லாக்கும் நாம் அதையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டியதில்லை.

பெயர் பிழையானால் மாணவரின் புரிதலும் பிழையாகும். சிரைவழி ஏற்றும் சலைனை (உப்புநீரை), அதில் பாக்டீரியா கலந்திருந்தால், 121 பாகை செல்சியஸ் நீராவியில் வைத்தால் பாக்டீரியா மடியும். ஆனால் சுவர்த் துணுக்குகளின் நச்சுத்தன்மை போகாது. உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத அந்தச் சலைன் ஏறிய சிறிது நேரத்திலேயே நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் காணலாம். வெள்ளணுக்களின் டிஎல்ஆர்4 ஏற்பி லிப்பிட் ஏ-யை இனங்கண்டு அழற்சியைத் தூண்டுவதே காரணம். இந்நச்சு குருதியில் மிகுந்தால் இரத்த அழுத்தம் சரிந்து, நுண்குழாய்களில் குருதி உறையும். மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி உயிரோடிருக்கும்போதே தன் புறச்சவ்வைச் சிறு கொப்புளங்களாக உதிர்க்கிறது. அந்நோயாளியின் தோலில் பரவும் கருஞ்சிவப்புத் திட்டுகளில் இந்நச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆக, நச்சு வெளிப்பட பாக்டீரியா சிதைந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

‘சவ்வுநச்சு’ என்றால் சவ்வைத் துளைக்கும் நச்சு என்று பொருள்பட்டுவிடும். அத்தகைய நச்சுகள் வேறாக உள்ளன. ‘உறைநச்சு’ எனக்குப் பிடித்திருந்தாலும், ‘உறை’ சில பாக்டீரியாவின் சுவருக்கு வெளியே போர்த்தியிருக்கும் கேப்சூலையும் குறிப்பதால் குழப்பமே மிஞ்சும். ‘சுவர்நச்சு’ என்பதே என் பரிந்துரை. கிராம் நேர் பாக்டீரியாவுக்கும் சுவர் உண்டே, அச்சுவரிலுள்ள டெய்க்காயிக் அமிலமும் அழற்சியைத் தூண்டுமே என்ற மறுப்பு நியாயமானது. அதனால் சொல்விளக்கத்தில் ‘கிராம் எதிர் பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு’ என்று வரையறுத்துவிட வேண்டும்.

அகநச்சு போனால் ‘புறநச்சு’ (எக்ஸோடாக்சின்) இணையின்றி நிற்கும் என்பதும் உண்மையே. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமியும் காலரா கிருமியும் சுரந்து வெளியேற்றும் புரதங்களை அப்பெயரால் குறிக்கிறோம். அவற்றைச் ‘சுரப்புநச்சு’ என்றால் இரண்டு சொற்களும் நச்சு எங்கிருந்து வருகிறது என்பதையே சொல்லும்.