பழைய விசிஆர்ல வில்லுப்பாட்டு ரெக்கார்ட் பண்ணலாமா?

மார்த்தாண்டம்காரன்:
மாமா கல்ஃப்லேர்ந்து கொண்டாந்த விசிஆர் ஒண்ணு வீட்டுல சும்மா கெடக்கு, இப்பவும் ஓடுது. எங்க அம்மன் கோயில் கொடைக்கு ராத்திரி பூரா வில்லுப்பாட்டு உண்டு, அத நல்லா எடுத்து வைக்கணும். போன்ல எடுத்தா குடத்துல அடி விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கிப் போயி மெதுவா திரும்ப மேல வருது, கேக்க சகிக்கல. விசிஆர்ல ஆடியோ மட்டும் எடுத்தா சிடி மாதிரி இருக்கும்னு பாறசாலைல மைக்செட் வச்சிருக்க சேட்டன் சொல்றாரு. நெசமா, இல்ல சும்மா அடிச்சு விடுறாரா?

பழைய டேப்பு:
நெசந்தான் தம்பி, ஆனா செட்டு ஹைஃபையா இருக்கணும். சாதா விசிஆர்ல சத்தம் டேப்போட ஓரத்துல மெல்லிசா ஒரு கோடா பதியும், நம்ம ஊரு டிவி முறையான பால் (PAL) சிஸ்டத்துல டேப்பு செகண்டுக்கு 2.34 செமீ தான் நகரும், நம்ம ஆடியோ கேசட்டே 4.76 ஓடும், அப்ப எது தேவலன்னு பாத்துக்கிடுங்க. 80கள்ல வந்த ஹைஃபை மாடல்ல உள்ள சுத்துற உருளையான டிரம்லயே ஆடியோவுக்குன்னு தனியா ஹெட் (டேப்புல எழுதுற, படிக்குற முனை) உண்டு, டிரம் நிமிசத்துக்கு 1500 சுத்து சுத்துறதால ஹெட்டு டேப்புல உரசுற வேகம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 5 மீட்டர். சத்தத்த ரேடியோவுல மாதிரி எஃப்எம் அலையா மாத்தி ஆழமா எழுதிரும், பின்னாடியே வீடியோ ஹெட் வந்து மேலாப்புல படத்த எழுதும். 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், குடத்தோட அடி சத்தம் முழுசா கெடைக்கும். எல்பில (லாங் பிளே, டேப்பு பாதி வேகத்துல நகர்றது) போட்டாலும் டிரம் வேகம் மாறாது, அதனால சத்தம் பெருசா கெடாது, இ-240 டேப்பு ஒண்ணு 8 மணி நேரம் ஓடும்.

புளியரை மழை:
ரொம்ப ஏத்தி விடாதீங்க அண்ணாச்சி. ரெண்டு ஹெட் மாறி மாறி படிக்கும்போது ஒட்டுற எடத்துல அலைன்மெண்ட் கொஞ்சம் பிசகினாலும் 50 ஹெர்ட்ஸ்ல ‘ர்ர்ர்’னு ஒரு உறுமல் வரும், பாட்டு நிக்கிற எடத்துல நல்லாவே தெரியும். போன்ல உங்க பிரச்சினை ஆட்டோ லெவல், அதாவது போனே சத்தத்த கூட்டி குறைக்கிறது, அத ஆஃப் பண்ற ஆப் போட்டாலே பாதி சரியாயிரும்.

மார்த்தாண்டம்காரன்:
பின்னாடி ஆடியோவுக்கு செவப்பு வெள்ளை ரெண்டு ஓட்டை இருக்கு, முன்னாடி லெவலுக்கு திருகும் இருக்கு. டேப்பு மட்டும் பழசு, கண்ணாடி வழியா பாத்தா சுருள் மேல வெள்ளையா மாவு தூவுன மாதிரி இருக்கு அண்ணே.

பழைய டேப்பு:
திருகு இருந்தா பெரும்பாலும் ஹைஃபையாத்தான் இருக்கும். அந்த டேப்ப உள்ள போட்டுறாதீங்க, அது பூஞ்சை, நம்ம பக்கம் ரெண்டு மழையும் பெய்யுதுல்ல, டிரம்ல ஒட்டிச்சுன்னா அடுத்து போடுற நல்ல டேப்புக்கும் பரவும். சீல் பிரிக்காத டேப்பு தேடுங்க. மைக்க நேரா சொருக முடியாது, சேட்டன் மிக்சர்லேர்ந்து லைன் அவுட் (சத்தம் வெளிய வர்ற ஓட்டை) வாங்குங்க, குடம் அடிக்கச் சொல்லி அதுக்கு லெவல் வைங்க, பாட்டுக்கு வைக்காதீங்க. சில செட்டு வீடியோ சிக்னல் இல்லாட்டி தடுமாறும், ஒரு டிவிடி பிளேயர் படத்த மட்டும் உள்ள விட்டுருங்க. பிறகு சத்தத்த மட்டும் மாத்தி எழுதுற ஆடியோ டப் பட்டன நம்பி திருத்தலாம்னு நெனைக்காதீங்க, அது ஓரத்து கோட்டுல மட்டும்தான் எழுதும்.

புளியரை மழை:
பக்கத்துலயே போனும் ஓடட்டும் தம்பி, வில்லுக்காரங்க ஒருதடவ பாடினதுதான்.