வளைகாப்புக் குழு: காய்ப் பட்டியல்

செவ்வாய்

நான் (இரவு 9:40): சமையல்காரர் பட்டியல் அனுப்பிவிட்டார். 200 இலை. காய் மட்டும் நாமே வாங்கித் தர வேண்டுமாம். முருங்கைக்காய் சாம்பார், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, பீன்ஸ் பருப்பு உசிலி, உருளைக்கிழங்கு காரக்கறி, காய்கறிக் குருமா, அப்புறம் கலந்த சாதம் ஐந்து வகை. மாமா, பார்த்துச் சொல்லுங்கள். விசேஷம் தை 10.

அம்மா (இரவு 9:52): முருங்கைக்காய் சாம்பார் கண்டிப்பாக வேண்டும் தம்பி. பிள்ளை வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தங்கச்சி (இரவு 9:53): நான் கேட்டது சாம்பார் அம்மா. முருங்கைக்காய் என்று சொல்லவே இல்லை.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (இரவு 10:05): என்ன வேண்டுமோ கேள் கண்ணு. வாங்கித் தர நாங்கள் இருக்கிறோம்.

புதன்

கோயம்பேடு மாமா (காலை 4:35): இப்போதுதான் லோடு இறக்கி முடித்தோம். பட்டியலைப் பார்த்தேன். இது சித்திரை, வைகாசி விருந்துக்கு எழுதிய பட்டியல். தையில் இப்படியே வாங்கினால் பணம் இரண்டு மடங்கு போகும், காயும் சுமாராகத்தான் கிடைக்கும்.

கோயம்பேடு மாமா (காலை 4:41): முதலில் முருங்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் மரம் புதிதாகப் பூப்பது குறைவு. அதனால் ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, சாத்தான்குளம் எந்தப் பக்கமிருந்தும் சொல்லிக்கொள்ளும்படி வரத்து இல்லை. கடையில் கிடப்பதெல்லாம் குஜராத், மகாராஷ்டிரா காய். அவ்வளவு தூரம் லாரியில் வந்து இறங்கும்போதே வாடித் தோல் சுருங்கிவிடுகிறது. இன்றைக்கு மொத்த விலையே கிலோ 300க்கு மேல். மாசி முடியட்டும், நம் பக்கத்துக் காய் குவியும்போது இதையே கட்டுக் கட்டாகக் கூவி விற்பார்கள்.

அம்மா (காலை 6:10): ஒரு நாள் விசேஷம்தானே தம்பி. விலையைப் பார்க்க வேண்டுமா?

கோயம்பேடு மாமா (காலை 6:25): விலைக்காக மட்டும் சொல்லவில்லை சின்னக்கா. அத்தனை காசு கொடுத்தும் இலையில் விழுவது சக்கைதான். சாம்பாருக்கு முள்ளங்கி போடுவோம். குளிரில் விளைந்த முள்ளங்கிக்குக் காரம் குறைவு, நாரும் இருக்காது. நான் கையால் பொறுக்கித் தருகிறேன்.

தங்கச்சி (காலை 7:02): எனக்கு முள்ளங்கி சாம்பார் ரொம்பப் பிடிக்கும் மாமா.

நான் (காலை 7:15): வெண்டைக்காய்?

கோயம்பேடு மாமா (காலை 9:20): வெண்டை வெயில் காய் மாப்பிள்ளை. குளிரில் மெதுவாக வளரும், வளர்வதற்குள் நார் பிடித்துவிடும். பாகல், புடலைக்கும் இதே கதைதான், வரத்து குறைந்துதான் வரும். பீன்ஸ் வாங்கலாம், ஆனால் நம்பி இருக்க முடியாது. ஊட்டியில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் பீன்ஸ் செடியும் உருளைச் செடியும் கருகிவிடும், மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றைக்கே விலை ஏறும். கேரட் மண்ணுக்குள் இருப்பதால் தப்பிக்கும்.

கோயம்பேடு மாமா (காலை 9:31): இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவை பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர், முட்டைக்கோஸ், நூக்கல், பீட்ரூட். பட்டாணி ஜபல்பூர் பக்கமிருந்து வருகிறது. வருடத்தில் இந்த இரண்டு மூன்று மாதம்தான் அந்த இனிப்பு இருக்கும். தோலோடு வாங்கினால் ஒரு கிலோவில் அரைக்கிலோ மணிதான் தேறும், அந்தக் கணக்கில் எடை போட வேண்டும். உரித்து விற்பதை வாங்க வேண்டாம், தண்ணீரில் ஊறிக் கிடக்கும். குருமாவுக்குப் பட்டாணியும் காலிஃபிளவரும் போதும். உசிலியைக் கோஸில் செய்யச் சொல்லுங்கள்.

நான் (காலை 9:40): காலிஃபிளவரில் எதைப் பார்த்து எடுப்பது?

கோயம்பேடு மாமா (காலை 9:44): கையில் தூக்கினால் கனக்க வேண்டும், பூ நெருக்கமாக இருக்க வேண்டும். வெளி இலை விறைப்பாக இருந்தால் நேற்று அறுத்தது. பூ விரிந்து மஞ்சள் தட்டினால் வெயிலும் பட்டது, முற்றியும் போனது.

கோயம்பேடு மாமா (காலை 9:50): கொத்தமல்லி, புதினா மட்டும் முந்தின நாள் வாங்கக் கூடாது. பனி ஈரத்தோடு கட்டுகிறார்கள், மேலே பச்சையாக இருக்கும், கட்டின் நடுவே அழுகியிருக்கும். அன்று விடியற்காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். எலுமிச்சம்பழம் மலிவு, கோடையில்தான் ஏறும். எலுமிச்சை சாதத்தைத் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள்.

அம்மா (காலை 10:15): தக்காளி? 2021 கார்த்திகையில் கிலோ நூறு கொடுத்து வாங்கினோமே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

கோயம்பேடு மாமா (காலை 10:22): அது ஆந்திராவில் கொட்டிய மழையில் வந்தது சின்னக்கா. இப்போது மழை விட்டுவிட்டது. தை பிறந்தால் பாலக்கோடு, ராயக்கோட்டை, கோலார் எல்லாப் பக்கமும் காய் வரும். விலை நன்றாகச் சரியும். கவலையே வேண்டாம்.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (காலை 11:05): விலை சரிவதை நல்ல சேதி போலச் சொல்கிறாய் தம்பி.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (காலை 11:12): கார்த்திகையில் விலை ஏறியதைப் பார்த்து ஊரே தக்காளி நட்டது. அத்தனையும் ஒன்றாகக் காய்க்கும். 14 கிலோ பெட்டி. அது விற்ற காசில் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, இறக்குக் கூலி, மண்டிக்கு நூற்றுக்குப் பத்து கமிஷன். போன மாசியில் எல்லாம் போக எங்கள் கையில் ஒன்றும் நிற்கவில்லை. கடைசிப் பறிப்பைச் செடியிலேயே விட்டோம், மாடு மேய்ந்தது. விருந்துக்கு மலிவாக வாங்குவது தப்பில்லை. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

நான் (காலை 11:20): கமிஷன் அவ்வளவு எடுப்பது நியாயமா மாமா?

கோயம்பேடு மாமா (மதியம் 12:40): கேள்வி சரிதான். மண்டிக்காரன் பக்கத்தையும் சொல்கிறேன். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பது பல ஊரில் மண்டிதான், பேங்க் இல்லை. சில்லறைக் கடைக்காரர்கள் கடனுக்கு எடுத்துப் போவார்கள், வசூலாகும் வரை விவசாயிக்குக் கைப்பணம் போட்டுக் கொடுக்க வேண்டும். கூடையில் பாதி அழுகி வந்தால் அந்த நஷ்டத்திலும் கொஞ்சம் எங்கள் தலையில் விழும்.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (மதியம் 12:52): முன்பணம் வாங்கினால் அந்த மண்டிக்குத்தான் காய் போட வேண்டும். பக்கத்து மண்டியில் பெட்டிக்கு ஐம்பது ரூபாய் கூடப் போனாலும் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அதையும் சொல் தம்பி.

கோயம்பேடு மாமா (மதியம் 12:58): உண்மைதான் பெரியக்கா. அதை நான் மறுக்க மாட்டேன்.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (மதியம் 1:04): கேரளாவுக்கு லோடு போகும் வரை எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு இருக்கும். மகரவிளக்கு முடிந்ததும் சபரிமலைக் கூட்டம் ஓய்ந்துவிடும். தை முகூர்த்தம் வந்து தாங்கினால்தான் உண்டு.

நான் (மதியம் 1:30): பெரியம்மா, நம் விருந்துக்கு வேண்டிய தக்காளியை உங்கள் தோட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். இங்கே கோயம்பேட்டில் அன்றைக்கு என்ன மொத்த விலையோ அதை அப்படியே உங்களுக்குத் தருகிறோம். வண்டி வாடகை எங்கள் கணக்கு. மாமா, இது நடக்குமா?

கோயம்பேடு மாமா (மதியம் 1:41): நடக்கும். ஒட்டன்சத்திரத்தில் இருந்து தினமும் ராத்திரி இங்கே வண்டி வருகிறது. பெரியக்கா, பாதி பழுத்ததாகப் பறி, முழுப் பழம் வேண்டாம். அடியில் இருப்பது நசுங்கிவிடும்.

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (மதியம் 1:50): நம் வீட்டுப் பிள்ளை வளைகாப்புக்குக் காசு வாங்குவேனா? மொச்சையும் அவரையும் சேர்த்து அனுப்புகிறேன். கொடி நிறையக் காய்த்துக் கிடக்கிறது.

அம்மா (மதியம் 1:58): அக்கா, மொச்சையும் அவரையும் நீ செய்யும் சீராக இருக்கட்டும். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். தக்காளிக்குக் காசு வாங்கித்தான் ஆக வேண்டும். கூலி ஆட்களுக்கு நீ கையில் இருந்து கொடுக்கிறாய், அது எனக்குத் தெரியாதா?

பெரியம்மா ஒட்டன்சத்திரம் (மதியம் 2:10): சரி.

தங்கச்சி (மதியம் 2:12): பெரியம்மா, மொச்சை போட்ட கத்தரிக்காய் குழம்பு நீங்கள் வந்து வைத்தால்தான் சாப்பிடுவேன். மோர்க்குழம்பை எடுத்துவிடலாம் அண்ணா.

நான் (மதியம் 2:20): எடுத்தாயிற்று. வெங்காயம் மட்டும் இப்போதே மூட்டையாக வாங்கி வைத்துவிடட்டுமா?

கோயம்பேடு மாமா (மாலை 5:30): வேண்டவே வேண்டாம். இப்போது நாசிக்கில் இருந்து வருவது மழைக்கால வெங்காயம். தோல் மெல்லிசு, உள்ளே ஈரம், கழுத்து தடிமன். சாக்கில் வைத்தால் சீக்கிரம் முளைவிடும், அழுகும். வைத்துப் புழங்கக்கூடியது பங்குனி, சித்திரையில் அறுக்கும் வெங்காயம். விருந்துக்கு முந்தின நாள் எடுத்தால் போதும். 2019 கடைசியில் விலை எகிறி எகிப்து வெங்காயம் கப்பலில் வந்ததே, அந்த மாதிரி நிலைமை இப்போது இல்லை.

கோயம்பேடு மாமா (மாலை 5:38): பொங்கலுக்கு முந்தின இரண்டு மூன்று நாள் யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு என்று நிற்க இடம் இருக்காது, விலையும் அவரவர் சொல்வதுதான். காணும் பொங்கல் முடிந்தும் சில நாள் சுமை தூக்குபவர்கள் ஊரில் இருப்பார்கள், லோடு குறையும். தை 9 ராத்திரிக்குள் எல்லாம் சீராகிவிடும்.

அம்மா (மாலை 6:05): பூ? மல்லிகை இல்லாமல் வளைகாப்பா?

கோயம்பேடு மாமா (மாலை 6:20): பனிக்கு மொட்டு கட்டாது. மதுரையிலேயே கிலோ ஆயிரக்கணக்கில் போகும் நேரம் இது. பிள்ளை தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கு சின்னக்கா. மற்றவர்களுக்குச் செவ்வந்தியும் கதம்பமும் நிறைவாக இருக்கும்.

நான் (மாலை 6:45): சரி, முடிவான பட்டியலைச் சமையல்காரருக்கு அனுப்பிவிட்டேன். முள்ளங்கி சாம்பார், மொச்சை கத்தரிக்காய் குழம்பு, கோஸ் உசிலி, பட்டாணி காலிஃபிளவர் குருமா, அவரைக்காய் பொரியல், உருளைக்கிழங்கு காரக்கறி, பீட்ரூட் பச்சடி. கலந்த சாதம் அப்படியே. பட்டாணிக்கு எடை எவ்வளவு என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்வார்.

கோயம்பேடு மாமா (இரவு 7:10): தை 9 ராத்திரி இரண்டு மணிக்கு வா மாப்பிள்ளை. விடிந்து எட்டு மணிக்கு மேல் வந்தால் விலை இறங்கும், ஆனால் பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான் கிடக்கும். சணல் சாக்கு பத்துப் பன்னிரண்டு எடுத்து வா. பட்டாணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் விடிவதற்குள் வியர்த்துவிடும். தக்காளிப் பெட்டியை நானே வண்டியில் இருந்து இறக்கி வைக்கிறேன், எடை போட்டு ரசீதும் எழுதித் தருகிறேன். பெரியக்காவுக்கு அன்று காலையிலேயே பணம் அனுப்பிவிடு.