பெஸ்ஸா ஆர் கேமராவுக்குச் சின்ன லென்ஸ்: 40 மிமீ வாங்கலாமா? (அவசரம், நாளைக்குள் பணம் அனுப்ப வேண்டும்)

கல்மண்டபம் பையன்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் வீடு. மாமா கப்பலில் வேலை பார்த்தபோது 2001-ல் யோகோஹாமாவில் வாங்கிய ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கூடவே 50 மிமீ எஃப்/1.5 நாக்டன் லென்ஸ் (எஃப் எண் சின்னதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). இரண்டு எல்ஆர்44 பட்டன் செல் போட்டதும் மீட்டர் எரிந்தது. மூன்று ரோல் ஓட்டிவிட்டேன் (முதல் ரோலில் பாதி, மூடியைக் கழற்றாமலே எடுத்தது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மூடி இருந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை).

பிரச்சினை லென்ஸின் பருமன். ஞாயிறு விடிகாலை காசிமேட்டு ஏலத்துக்குப் போனேன். சங்கரா கூடை வைத்திருந்த அம்மா கழுத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, எந்த டிவி?" என்றார். அப்புறம் அந்த வரிசை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்த படமெல்லாம் பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி வந்திருக்கிறது. போதாக்குறைக்கு வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையை லென்ஸே மறைக்கிறது.

பெங்களூரில் ஒருவர் 40 மிமீ எஃப்/1.4 நாக்டன் தருகிறேன் என்கிறார். சின்னது, வெளிச்சமும் வாங்கும். 30,000 வரை என்னால் முடியும். அனுப்பட்டுமா? இன்னொன்று: கிட்டத்தில் எடுத்த முகங்கள் பல லேசாக மங்கலாக இருக்கின்றன. இருக்கிற லென்ஸில் ஏதாவது கோளாறா?

பழைய ஸ்டுடியோ, தண்டையார்பேட்டை

தம்பி, பணத்தை அனுப்பாதீர்கள். அந்த 40 மிமீ உங்கள் கேமராவில் ஏறாது.

உங்கள் லென்ஸைக் கழற்றும்போது திருகிக் கழற்றுகிறீர்களா, பட்டனை அமுக்கிக் கால் சுற்று சுற்றி எடுக்கிறீர்களா? பெஸ்ஸா ஆர் என்றால் திருகுவதுதான். 39 மிமீ மரை, பழைய லைக்கா வழி. 2002-ல் வந்த ஆர்2-வில் இருந்துதான் பெஸ்ஸாவில் எம் மவுண்ட், அதாவது பட்டனை அமுக்கிச் சுற்றி எடுக்கும் லைக்கா எம் வகை. நீங்கள் சொல்லும் 40 எஃப்/1.4 எம் மவுண்டில் மட்டுமே வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், அவரைக் குற்றம் சொல்லவில்லை.

கல்மண்டபம் பையன்

ஐயா, நல்லவேளை சொன்னீர்கள். திருகுவதுதான். நடுவில் ஒரு ரிங் போட்டு மாட்ட முடியாதா? கடைகளில் ஏதோ அடாப்டர் பார்த்தேனே.

பழைய ஸ்டுடியோ, தண்டையார்பேட்டை

நீங்கள் பார்த்தது எதிர்த்திசைக்கானது. திருகு கேமராவில் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 28.8 மிமீ. எம் கேமராவில் 27.8. ஆகவே திருகு லென்ஸை எம் கேமராவில் மாட்ட 1 மிமீ தடிமனுள்ள வளையம் போதும், கச்சிதமாக உட்காரும். எம் லென்ஸைத் திருகு கேமராவில் மாட்டுவதென்றால் அது ஃபிலிமுக்கு இன்னும் 1 மிமீ நெருங்கியாக வேண்டும். கேமராவின் முகத்தை அரத்தால் ராவினால்தான் உண்டு. எந்த வளையமும் இடைவெளியைக் கூட்டும், குறைக்காது.

இதில் உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. இன்றைக்குத் திருகு லென்ஸ் வாங்கினால் நாளைக்கு எம் கேமரா வாங்கினாலும் அதே லென்ஸ் ஓடும்.

அப்புறம், உங்கள் பெஸ்ஸாவின் வியூஃபைண்டரில் 40-க்குப் படத்தின் எல்லை காட்டும் கட்டமும் கிடையாது. மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள்: 35-ம் 90-ம் சேர்ந்து வரும், அடுத்து 50, அடுத்து 75. அவ்வளவுதான். 35-க்குப் போங்கள்.

கொருக்குப்பேட்டை 36

30,000 எதற்கு தலைவா? ரஷ்ய லென்ஸ் வாங்குங்கள். இண்டஸ்டார்-22 என்று ஒன்று, உள்ளே தள்ளினால் சட்டைப் பைக்குள் போகும். ஜூப்பிட்டர்-12 என்று 35 மிமீயும் இருக்கிறது. அதே 39 மிமீ மரை. என் ஃபெட் கேமராவில் அதுதான் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருந்தது. பைக் டேங்க் மேல் மூடியில்லாமல் வானத்தைப் பார்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். லென்ஸ் வழியாக வெயில் இறங்கித் துணி ஷட்டரில் ஊசிமுனை ஓட்டை போட்டுவிட்டது. இப்போது எல்லாப் படத்திலும் ஒரு நட்சத்திரம்.

பழைய ஸ்டுடியோ, தண்டையார்பேட்டை

பெஸ்ஸாவுக்கு உலோக ஷட்டர், அந்தப் பயம் அவ்வளவு இல்லை. ஆனால் லென்ஸ் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜூப்பிட்டர்-12-ன் பின் கண்ணாடி குமிழ் போலப் புடைத்துக்கொண்டு கேமராவின் வயிற்றுக்குள் ஆழமாக இறங்கும். பெஸ்ஸாவுக்குள் அதைத் திருகிப் பரிசோதனை செய்ய வேண்டாம். உள்ளே தள்ளும் லென்ஸும் அப்படித்தான், மாட்டினாலும் கேமராவில் இருக்கும்போது தள்ளாதீர்கள்.

இன்னொரு சங்கதி. ரஷ்ய லென்ஸ்கள் ஜெர்மன் கான்டாக்ஸ் அளவை ஒட்டிப் பிறந்தவை. அங்கே 50 மிமீ என்பது உண்மையில் 52.4. லைக்கா வழியில் 51.6. ரேஞ்ச்ஃபைண்டர் எதிர்பார்ப்பது லைக்கா அளவை. எஃப்/8-ல் இந்த வித்தியாசம் தெரியாது. ஜூப்பிட்டர்-8 போன்ற எஃப்/2 லென்ஸை முழுக்கத் திறந்து 1 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுப் பக்கம் நகர்ந்துவிடும்.

வடிவுடை, திருவொற்றியூர்

தம்பி, நான் ஆறு வருஷமாகப் பெஸ்ஸா ஆர்-ல் 35 மிமீ எஃப்/2.5 கலர்-ஸ்கோபர் வைத்திருக்கிறேன், திருகு மாடல். கேரம் ஸ்ட்ரைக்கர் மூன்றை அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் லென்ஸ். மஞ்சப்பையில் கேமராவை மளிகை சாமானோடு போட்டுக்கொண்டு போவேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அளவு சின்னதானது ஒரு சௌகரியம் என்றால், ஃபோகஸே பார்க்காமல் எடுக்க முடிவது அதைவிடப் பெரிய சௌகரியம். எஃப்/8 வைத்து 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் கிட்டத்தட்ட 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். உங்கள் 50-ல் அதே எஃப்/8, அதே 3 மீட்டர் என்றால் 2.3-லிருந்து 4.2 வரைதான். தேரடித் தெருவில் நடந்துகொண்டே எடுப்பவளுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். 400 வேக ஃபிலிம், நல்ல வெயில் என்றால் எஃப்/16-ல் 1/500 நொடி. நிழலுக்குள் போனால் எஃப்/8-க்கு வந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோன மறுநொடி படம் முடிந்திருக்கும்.

பழைய கேனன் 35 எஃப்/2.8 திருகு லென்ஸும் குட்டிதான், ஆனால் 1 மீட்டருக்குக் கிட்டே போகாது. ஸ்கோபர் 0.7 வரை போகும். 25 மிமீ எஃப்/4 ஸ்னாப்ஷாட்-ஸ்கோபர் என்று இன்னொரு குட்டி லென்ஸும் உண்டு. அதற்கு ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைப்பே கிடையாது, தூரத்தைக் கண்ணால் அளந்து வைக்க வேண்டும். முதல் லென்ஸாக அதை நான் சொல்ல மாட்டேன்.

கல்மண்டபம் பையன்

அக்கா, பகலுக்குச் சரி. நான் போவது விடிகாலை நாலரை மணிக்கு. விளக்கு வெளிச்சம் மட்டும்தான். 1.5-ஐ விட்டுவிட்டு 2.5-க்கு வந்தால் இருட்டில் என்ன செய்வது?

பழைய ஸ்டுடியோ, தண்டையார்பேட்டை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.5-லிருந்து 2.5 என்றால் ஒன்றரை ஸ்டாப் போகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஆனால் 50 மிமீயைக் கை நடுங்காமல் எடுக்க 1/60 வேண்டும், 35-ஐ 1/30-ல் பிடித்துவிடலாம். ஒரு ஸ்டாப் திரும்பி வந்துவிட்டது. மீதி அரை ஸ்டாப்.

ஏலத் தளத்தில் விளக்குக்கு நேர் கீழே 400 ஃபிலிமுக்கு எனக்குக் கிடைப்பது எஃப்/2.5-ல் 1/30 அளவுதான். நின்று பேரம் பேசும் ஆளுக்கு அது போதும். கூடையைத் தூக்கி வீசும் கைக்குப் போதாது, இழுத்துக்கொண்டு போகும். அதற்கு எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600-க்குத் தள்ளுங்கள் (1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் டெவலப் செய்வது), அதே வெளிச்சத்தில் 1/125 வரும். ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காத ஸ்டாக்காகவே ஊற்றி, 20 டிகிரியில் 14 நிமிஷம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வரும். மீன் வாங்கும்போதே கொஞ்சம் ஐஸும் வாங்கிக்கொள்ளுங்கள், கெமிக்கல் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்தத்தான். டேங்குக்குள் போட்டுவிடாதீர்கள்.

மங்கல் விஷயத்துக்கு வருகிறேன். 50 மிமீ எஃப்/1.5-ல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே 8 செ.மீ. ஃபோகஸ் பார்த்துவிட்டு நீங்கள் மூச்சு விட்டு முன்னால் சாய்ந்தாலே போச்சு. அதோடு பெஸ்ஸாவின் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம், அதாவது தூரம் பார்க்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, குட்டை. லைக்கா எம்3-ல் உருப்பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 62 மிமீ, பெஸ்ஸாவில் 25 தான். அந்த லென்ஸை முழுக்கத் திறந்து வேலை வாங்குவது இந்தக் கேமராவுக்குக் கொஞ்சம் கஷ்டம். 35 எஃப்/2.5-க்கு இதே அடித்தளம் தாராளம்.

வடிவுடை, திருவொற்றியூர்

கோளாறு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். லென்ஸை முடிவிலியில் வைத்து மாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேனைப் பாருங்கள். வியூஃபைண்டரின் நடுக் கட்டத்தில் அதே கிரேன் இரண்டாகப் பக்கவாட்டில் விலகித் தெரிந்தால் கோளாறு. ஒன்றின் மேல் ஒன்று, மேலும் கீழுமாக விலகி இருந்தால் ஃபோகஸ் கெடாது, கண்ணுக்குத்தான் எரிச்சல். அடுத்து ஒரு மீட்டர் ஸ்கேலை மேஜையில் சாய்வாக வைத்து 50-ஆவது கோட்டில் ஃபோகஸ் செய்து, எஃப்/1.5-ல், ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். நெகட்டிவைப் பார்த்தால் தெரியும்.

லென்ஸ் வாங்கும் முன் என்னுடையதைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேரடி மெட்ரோ வாசலுக்கு வந்தால் தருகிறேன். திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும்!

கல்மண்டபம் பையன்

(பத்து நாள் கழித்து)

அக்காவுக்கு முதலில் நன்றி. திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டேன், சாட்சி அவரே.

கிரேன் பார்த்தேன். பக்கவாட்டில் ஒட்டி நிற்கிறது, மேலும் கீழுமாக ஒரு மயிரிழை விலகல். ஸ்கேல் சோதனையில் 50-ஆவது கோடுதான் தெளிவு. ஆக லென்ஸில் கோளாறு இல்லை, சாய்ந்தது நான்.

35-ஐ மாட்டிக்கொண்டு ஞாயிறு போனேன். எச்பி5, 1600. வியூஃபைண்டரின் மூலை முழுசாகத் தெரிகிறது. பெஸ்ஸா ஷட்டர் 'டக்' என்று பல் கடிக்கிற மாதிரி சத்தம் போடும், ஆனால் ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அது யார் காதில் விழப்போகிறது? பதினைந்து படம் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. பதினாறாவதில் அதே சங்கரா அம்மா பார்த்துவிட்டார். "இன்னா தம்பி, டிவி சின்னதா ஆயிருச்சு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு 1/60-ல் விழுந்திருக்கிறது, கை மட்டும் இழுத்திருக்கிறது. மூன்று ரோலில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

திருகு ஸ்கோபர் ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு இருக்கிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

பழைய ஸ்டுடியோ, தண்டையார்பேட்டை

படத்தை நம்பாதீர்கள், வீடியோ கேளுங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, லென்ஸை மெதுவாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் ஓடினது மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடியில் மூச்சு விட்டது மாதிரி ஒரே சீராகப் படர்ந்திருந்தால் எண்ணெய் ஆவி. நாலு தூசு இருப்பதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். ஃபோகஸ் வளையம் ஒரே இழுவையில் சுற்றுகிறதா, நடுவில் சிக்குகிறதா என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகுதான் உங்களுக்கு வேலை. ராயபுரத்தில் கடல் காற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிகா ஜெல். இளஞ்சிவப்பாக மாறினால் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடுங்கள், சமையல் சட்டியில் வேண்டாம். நூறு ரூபாய் ஈரமானி ஒன்றும் உள்ளே போடுங்கள், 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். காசிமேட்டிலிருந்து வந்ததும் உடம்பையும் லென்ஸ் வெளிப்பக்கத்தையும் லேசாக ஈரமான துணியால் துடைத்துவிட்டு, காய்ந்ததும் டப்பாவுக்குள் வையுங்கள்.

கல்மண்டபம் பையன்

வீடியோ வந்தது ஐயா. ஓரத்தில் இரண்டு தூசு, வேறொன்றும் இல்லை. 27,000-க்கு முடித்துவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குவதற்குள் இன்னும் நாலு ஞாயிறு இருக்கிறது.

கொருக்குப்பேட்டை 36

அப்போ அந்த 50 எஃப்/1.5 சும்மாதானே கிடக்கும்? விலை சொல்லுங்கள்.

கல்மண்டபம் பையன்

மாமா இதைப் படிக்கிறார். விற்பனைக்கு இல்லை.