மார்க் 2 அம்பாசடர் சூடானதும் சைலன்சரில் வெடிக்கிறது: கோளாறு கார்ப்பரேட்டரிலா, கரண்டிலா?

கானாடுகாத்தான் பேரன்:
ஐயா வாங்கிய மார்க் 2. 1489 சி.சி. எஞ்சின், எஸ்.யூ. கம்பெனி கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது), எதையும் மாற்றவில்லை. நாங்கள் சென்னையில் இருப்பதால் வீடும் வண்டியும் வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வர வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.
புது பேட்டரி போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் இரண்டு தொந்தரவு. காலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்ப்பரேட்டர் வாயில் 'டப்' என்று திருப்பி அடிக்கிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு மிஸ்ஸிங் எடுத்து (எஞ்சின் விட்டுவிட்டு ஓடி), சைலன்சரில் பெரிதாக வெடிக்கிறது. நேற்று பிள்ளையார்பட்டிக் கோயில் பக்கம் வெடித்ததில் பூக்கார அம்மா பதறி எழுந்துவிட்டார். காரைக்குடியில் ஒரு மெக்கானிக் மாருதி 800 கார்ப்பரேட்டரைப் போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, கார்ப்பரேட்டரை மாற்ற வேண்டாம், டியூன் செய்தால் போதும். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு இந்தப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அந்தக் காலத்து ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அளவில் இதை விட்டால் கலவை லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) ஆகத்தான் செய்யும். லீன் ஆனால் கார்ப்பரேட்டர் திருப்பி அடிக்கும். ஜெட்டுக்கு அடியில் இருக்கும் நட்டை இரண்டு பட்டை கீழே இறக்குங்கள். ஆறு பட்டை ஒரு முழுச்சுற்று, அதனால் ஒவ்வொரு பட்டையாகத்தான் திருப்ப வேண்டும். டாங்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் முதலில் அதை வடித்துவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும்.

பழைய ஸ்பேனர்:
எத்தனால் கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் தம்பி சொன்ன இரண்டாவது கோளாறை நீங்கள் தொடவே இல்லையே. லீன் கலவையின் தொந்தரவு குளிரில்தான் அதிகம், சூடேறினால் குறையும். இங்கே சூடேறிய பிறகுதான் வெடிக்கிறது, அதுவும் சைலன்சரில். பிளக்கில் பொறி விட்டுவிட்டு வந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ச் சேரும். அடுத்து நெருப்பு வரும்போது அங்கே வெடிக்கும். என் சந்தேகம் கண்டென்சர் மேல், பாயிண்ட் தீயாமல் காக்கும் சின்ன டப்பா அது. சூடானால் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுவது) மூடியைக் கழற்றி, உள்ளே கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் பாயிண்ட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு என்றிருந்தால் கண்டென்சர்தான். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் 15 பங்கு). அது சரியாகும் வரை அந்த நட்டில் கை வைக்காதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
சூடானால் வருவதெல்லாம் கரண்ட் கோளாறு என்று எப்படிச் சொல்ல முடியும்? நம் ஊர் வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி அடைக்கும். அப்போதும் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாமல் மிஸ்ஸிங் வரத்தான் செய்யும்.

செக்காலைக்காரன்:
கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. என் வண்டியில் மாருதி கார்ப்பரேட்டர் போட்டு நான்கு வருஷம் ஆகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. எஸ்.யூ. தெரிந்த ஆளைத் தேடி அலைவதற்கு இது மேல்.

பழைய ஸ்பேனர்:
அது 796 சி.சி. எஞ்சினுக்கு அளவெடுத்தது தம்பி. 1489 சி.சி.க்குப் பூட்டினால் ஓடும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். பெரியவர் வைத்திருந்தபடியே அறுபது வருஷம் காத்த வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.
ரஸ்தா அண்ணே, உங்கள் சந்தேகத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. எஸ்.யூ.வில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். ஓடும்போது மிஸ்ஸிங் வந்ததும் சோக்கைக் கால்வாசி இழுத்துப் பார்க்கட்டும். வண்டி தெளிந்தால் நீங்கள் சொன்னது சரி. தெளியாவிட்டால் கரண்ட்.

தேவகோட்டை ரஸ்தா:
இது நியாயமான சோதனை. காலையில் திருப்பி அடிக்கும்போதும் அதையே செய்யட்டும். கூடவே கார்ப்பரேட்டர் தலையில் இருக்கும் டேஷ்பாட் மூடியைத் திறந்து உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. அது காய்ந்திருந்தால் மிதித்ததும் கார்ப்பரேட்டர் பிஸ்டன் சட்டென்று மேலே தாவிவிடும், அந்த நொடி காற்று மட்டும் கூடுதலாக உள்ளே போகும்.

கானாடுகாத்தான் பேரன்:
மூன்று நாள் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன். காலையில் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் திருப்பி அடிப்பது நின்றது. டேஷ்பாட்டில் ஒரு சொட்டு ஆயில் இல்லை, 20 கிரேடு ஊற்றினேன். நட்டை ஒரு பட்டை இறக்கியதும் காலைத் தொந்தரவு முழுதும் சரியாகிவிட்டது.
ஆனால் சூட்டில் வரும் வெடிக்கு சோக் ஒன்றும் செய்யவில்லை, இன்னும் மோசமானது. பாயிண்ட்டில் ஸ்பேனர் அண்ணன் சொன்ன அதே குழியும் மேடும். கண்டென்சரும் பாயிண்ட்டும் மாற்றி, கானாடுகாத்தானில் இருந்து திருப்பத்தூர் போய்த் திரும்பினேன். மிஸ்ஸிங் இல்லை. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் சைலன்சரில் சின்னச் சின்ன 'பட் பட்'.

தேவகோட்டை ரஸ்தா:
கண்டென்சர் விஷயத்தில் ஸ்பேனர் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். இந்த 'பட் பட்' மட்டும் இன்னும் லீன்தான். இன்னொரு பட்டை இறக்குங்கள்.

பழைய ஸ்பேனர்:
இறக்காதீர்கள் தம்பி. சைலன்சர் பைப் மேனிபோல்டில் (எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் குழாய்) சேரும் இடத்தில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். அங்கே கேஸ்கட் போயிருந்தால் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு இப்படித்தான் பொரியும். ஏற்கெனவே ஒரு பட்டை இறக்கியதை முதலில் லிஃப்ட் பின்னை (கார்ப்பரேட்டர் பிஸ்டனைத் தூக்கும் சிறு கம்பி) வைத்துச் சரிபாருங்கள். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது அந்தப் பிஸ்டனைக் கால் நூல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சத்தம் ஏறி அப்படியே நின்றால் ரிச், இறங்கி அணையப் பார்த்தால் லீன், ஒரு நொடி ஏறிப் பழையபடி அடங்கினால் கலவை சரி.

கானாடுகாத்தான் பேரன்:
பின்னைத் தூக்கினேன் அண்ணே. ஏறி அடங்குகிறது. மேனிபோல்டு அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கரி. கேஸ்கட் வாங்க நாளைக்குக் காரைக்குடி போகிறேன், இந்த வண்டியிலேயே.