லபீஷ் நாடகங்களில் இருக்கும் இரண்டாவது பெயர்: அவர் என்ன எழுதினார்?

ஜன்னலோரம்:

வணக்கம். மூன்று வருடமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். ஒரு நாடகத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மொழிபெயர்ப்பின் துணை இல்லாமல் படித்தது இப்போதுதான் முதல் தடவை. பிரெஞ்சு நாடகாசிரியர் லபீஷின் ‘திரு. பெரிஷோனின் பயணம்’, 1860-இல் பாரிஸ் ஜிம்னாஸ் அரங்கில் முதலில் மேடையேறியது.

படிக்காதவர்களுக்காகக் கதை. குதிரை வண்டி செய்யும் தொழிலில் சம்பாதித்து ஓய்வு பெற்ற பெரிஷோன், மனைவி மகளோடு ஆல்ப்ஸ் மலைக்கு ரயிலேறுகிறார். மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு இரண்டு வாலிபர்கள் பின்னாலேயே போகிறார்கள். மலையில் விழப்போன பெரிஷோனை அர்மான் காப்பாற்றுகிறான். இன்னொருவன், தானியேல், அதைவிடக் கெட்டிக்காரன். தானே போய்ப் பனிப்பிளவில் விழுந்து பெரிஷோன் தன்னைக் காப்பாற்றும்படி செய்துவிடுகிறான். அப்புறம் பெரிஷோனுக்கு யாரைப் பிடிக்கிறது என்றால், தான் காப்பாற்றியவனைத்தான். தன்னைக் காப்பாற்றியவனைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முள்ளாகக் குத்துகிறது, அந்த விபத்து அவ்வளவு பெரியதில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறார். நன்றிக்கடன் எவ்வளவு கனமானது என்பதை இத்தனை லேசாகச் சொன்ன இன்னொன்றை நான் படித்ததில்லை.

என் சந்தேகம் இதுதான். புத்தகத்தில் லபீஷோடு எதுவார் மார்த்தேன் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. தேடிப் பார்த்தால் அவருடைய ஏறக்குறைய எல்லா நாடகத்திலும் இப்படி ஒரு பெயர், சிலதில் இரண்டு. ஸ்க்ரீப் என்பவருக்கும் அதே கதை. இந்த இரண்டாவது ஆள் என்ன செய்தார்? எனக்குச் சொல்லிக்கொடுப்பவர், “அதெல்லாம் தொழிற்சாலைச் சரக்கு, மோலியேரைப் படி” என்கிறார் (மோலியேர் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர்). எனக்கு மனசு கேட்கவில்லை. இதே ரகத்தில் அடுத்து என்ன படிக்கலாம்?

மூன்றாம் மணி:

தொழிற்சாலை என்பது உண்மை, ஆனால் அது வசவு இல்லை. அன்றைய பாரிஸ் அரங்குகளுக்குப் புது நாடகம் தீனி மாதிரி வேண்டியிருந்தது. ஒரே இரவில் மூன்று நான்கு குறுநாடகங்கள் போடுவார்கள், ஓடாததை உடனே எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுவார்கள். தனி ஆளாக உட்கார்ந்து எழுதினால் கட்டுப்படியாகாது. ஒருவர் கருவைக் கொண்டுவருவார், ஒருவர் காட்சிகளை அடுக்குவார், ஒருவர் வசனமும் பாட்டும் எழுதுவார். அரங்கின் வசூலில் ஆசிரியர்களுக்கு ஒரு சதவீதம் உண்டு, அதை விளம்பரத்தில் பெயர் உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதனால் அந்த இரண்டாவது பெயர் அலங்காரத்துக்கு வைத்ததில்லை, பணம் வாங்கிய பெயர்.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் எழேன் ஸ்க்ரீப் (1791–1861). பாரிஸில் பட்டு வியாபாரியின் மகன். 400-க்கும் மேற்பட்ட படைப்புகளில் அவர் பெயர் இருக்கிறது, அவற்றில் மிகப் பெரும்பகுதி கூட்டாக எழுதியவை. அவர் அதை மறைக்கவே இல்லை, தன் தொகுப்பைக் கூட்டாசிரியர்களுக்கே காணிக்கையாக்கினார். 1834-இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார். நாடகத்தில் கிடைத்த பணத்தில் செரிகூர் என்ற ஊரில் வீடும் நிலமும் வாங்கி, இந்தக் கிராமத்துப் புகலிடத்தைக் கொடுத்தது நாடகம், வழிப்போக்கரே, ஒருவேளை உங்களுக்கும் நான் கடன்பட்டிருக்கலாம், நன்றி என்ற பொருளில் இரண்டு வரிக் கவிதை எழுதி வைத்தார். டிக்கெட் வாங்கியவனுக்கு நன்றி சொன்ன அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லபீஷ் (1815–1888) அடுத்த தலைமுறை. 170-க்கும் மேல் நாடகங்கள், தனியாக எழுதியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியென்றால் எது அவருடையது? இந்தக் கேள்விக்கு நாடகாசிரியர் எமில் ஓழியே அன்றே பதில் சொல்லிவிட்டார். லபீஷின் நாடகங்களைத் தொகுக்கச் சொல்லித் தூண்டி, 1878-79-இல் வந்த 10 தொகுதிகளுக்கு முன்னுரையும் எழுதியவர் அவர்தான். கூட்டாளி யாராக இருந்தாலும் இந்த நாடகங்களுக்கெல்லாம் ஒரே குடும்பச் சாயல் இருக்கிறது என்பது அவர் வாதம். ஓழியேயே ஒரு நாடகத்தில் லபீஷுக்குக் கூட்டாளியாக இருந்தவர், அதனால் வெளியிலிருந்து பேசியதாகவும் சொல்ல முடியாது.

கொத்தமல்லி:

மூன்றாம் மணி சொல்வதெல்லாம் சரி, ஆனால் பணக்கணக்கை மட்டும் வைத்து இதை விளக்கினால் பாதிதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதும்போது ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரிக்கவில்லை என்றால் அது அங்கேயே செத்துவிடும். முதல் பார்வையாளர் எழுதும் மேசையிலேயே இருக்கிறார். இந்த நாடகங்களில் கொழுப்பே இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து என்ன படிப்பது என்று கேட்டீர்கள். யோசிக்கவே வேண்டாம், ‘இத்தாலிய வைக்கோல் தொப்பி’. லபீஷும் மார்க்-மிஷேலும் எழுதியது, 1851 ஆகஸ்ட் 14, பலே-ரொயால் அரங்கு. ஃபதினார் என்பவனுக்கு அன்று கல்யாணம். வழியில் அவனுடைய குதிரை, கிளையில் மாட்டியிருந்த ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிடுகிறது. அந்தப் பெண் கல்யாணமானவள், அங்கே இருந்தது ஒரு ராணுவ அதிகாரியோடு. தொப்பி இல்லாமல் வீட்டுக்குப் போனால் கணவன் கேட்பான். அதே மாதிரி தொப்பி கிடைக்கும் வரை இங்கிருந்து நகரமாட்டோம் என்று இருவரும் மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவன் பாரிஸ் முழுக்கத் தொப்பி தேடி ஓட, மாமனார் நோனாங்கூர் இறுக்கமான புதுச் செருப்பும் கையில் ஒரு செடித்தொட்டியுமாக, மொத்தக் கல்யாண கோஷ்டியையும் கூட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடுகிறார். தொப்பிக் கடையைப் பதிவு அலுவலகம் என்று நினைத்து நுழைகிறார்கள், சீமாட்டி வீட்டு விருந்தை ஓட்டல் சாப்பாடு என்று நினைத்து உட்கார்ந்து தின்கிறார்கள். மாமனார் ஒவ்வொரு தடவையும் “மாப்பிள்ளை, எல்லாம் முறிந்தது!” என்று கத்துகிறார், கத்திவிட்டு மறுபடியும் பின்னாலேயே வருகிறார்.

தத்துவவாதி பெர்க்சோன் 1900-இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில் இந்த நாடகத்தை உதாரணமாக எடுக்கிறார்: சின்னதாக உருள ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே போகும் பனிப்பந்து. உங்கள் பெரிஷோனும் அதே நூலில் வருகிறார். ரயில் நிலையத்தில் மூட்டைகளை எண்ணிக்கொண்டே, “நாலு, ஐந்து, ஆறு, என் மனைவி ஏழு, மகள் எட்டு, நான் ஒன்பது” என்பாரே, அந்த இடம். மனிதன் பொருளாகிவிடும்போது ஏன் சிரிக்கிறோம் என்பதற்கு அதைத்தான் காட்டுகிறார். தொழிற்சாலைச் சரக்கு ஒரு தத்துவவாதிக்கு இப்படிப் பயன்படுமா?

தொப்பி நாடகத்தின் முடிவைச் சொல்லமாட்டேன். முதல் அங்கத்தில் யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

ஜன்னலோரம்:

இருவருக்கும் நன்றி. தொப்பி நாடகத்தைத் தரவிறக்கிவிட்டேன். திறந்ததும் ஒரு குழப்பம்: நடுநடுவே பாட்டு வருகிறது, ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஏதோ ஒரு மெட்டின் பெயர் போட்டிருக்கிறது. பெரிஷோனில் இது இல்லையே? இதைத் தாண்டிப் போகலாமா?

மூன்றாம் மணி:

தாண்டாதீர்கள், இந்த வகையின் பிறப்பு அடையாளமே அதுதான். இந்த வகைக்குப் பெயர் ‘வோத்வில்’. அந்தப் பெயர் முதலில் தெரிந்த மெட்டில் புது வரிகள் போட்டுப் பாடும் பாட்டைக் குறித்தது, பிறகுதான் அப்படிப்பட்ட பாட்டுகள் உள்ள நாடகத்துக்கு வந்தது. நெப்போலியன் 1807-இல் பாரிஸ் அரங்குகளை எட்டாகக் குறைத்து, எந்த அரங்கில் எந்த வகை நாடகம் என்று வரையறுத்தார். வோத்வில் அரங்குக்குக் கிடைத்தது, தெரிந்த மெட்டுகளில் பாட்டு உள்ள சிறு நாடகங்களும் பகடிகளும். புதிதாக இசையமைத்த பாட்டு ஒப்பேரா-கொமிக் என்ற இன்னொரு அரங்கின் சொத்து. ஆக மெட்டைக் கடன் வாங்கியது சோம்பேறித்தனத்தால் இல்லை, சட்டமே அப்படி இருந்தது. 1811-இல் ‘கவோவின் சாவி’ என்று மெட்டுகளுக்கு எண் போட்டு ஒரு தொகுப்பு வந்தது, பிந்தைய பதிப்புகளில் 2,000-க்கு மேல் மெட்டுகள். ஆசிரியர் மெட்டைச் சொன்னால் போதும், வாத்தியக்காரர் எடுத்துக்கொள்வார்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. அந்த மெட்டின் பழைய வரிகள் பார்வையாளர்களுக்கு மனப்பாடம். மேடையில் பவ்யமாக ஒன்றைப் பாடும்போது காதுக்குள் பழைய குறும்பு வரி ஓடும். நமக்கு இன்று அந்தக் காது இல்லை, அதனால் பாதிச் சிரிப்பு காணாமல் போய்விட்டது. எனக்கு இந்த விஷயத்தில் மனசு ஆறுவதே இல்லை.

கட்டுப்பாடு முழுசாக நீங்கியது 1864-இல். அதற்கு முன்பே பாட்டு குறைய ஆரம்பித்துவிட்டது, பெரிஷோனே சாட்சி. இசையோடு சிரிப்பைச் சேர்க்கும் வேலையை அதற்குள் இசையமைப்பாளர் ஓஃபன்பாக் எடுத்துக்கொண்டார், அவருக்கு எழுதிக்கொடுத்த மெய்யாக்கும் அலெவியும் இன்னொரு கூட்டணி. லபீஷ் ஓடிய அதே பலே-ரொயாலில்தான் 1866-இல் அவர்களுடைய ‘பாரிஸ் வாழ்க்கை’ வந்தது.

பக்கமேடை:

தாமதமாக வருகிறேன். எழுத்தாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கதவுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சின்னக் குழு ஜார்ஜ் ஃபெதோவின் ‘சுதந்திரப் பரிமாற்ற ஓட்டல்’ (1894, மோரிஸ் தெவாலியேருடன் சேர்ந்து எழுதியது) போட முயன்றது. பக்கமேடைப் பொறுப்பு எனக்கு. இரண்டாம் அங்கம் முழுக்க ஒரு மட்டமான ஓட்டலில் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியை ரகசியமாக அழைத்து வருகிறான் பேங்லே. அதே ஓட்டலில் பேய் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்க நீதிமன்றம் அனுப்பிய கட்டட வல்லுநர் வருகிறார், அவர்தான் அந்தப் பெண்ணின் கணவர். ஊரிலிருந்து வந்த நண்பன் மத்தியோ தன் நான்கு பெண்களோடு அங்கேயே தங்க வருகிறான். மத்தியோ ஒரு வக்கீல், மழை பெய்தால் மட்டும் திக்குவாய்.

படிக்கும்போது ஏதோ கூத்து மாதிரி இருக்கிறது. ஒத்திகையில்தான் தெரிந்தது, ஒரு கதவு அரை நொடி தாமதமாக மூடினால் சிரிப்பு வராது. அது மட்டுமில்லை, அதற்குப் பின்னால் வரும் மூன்று சிரிப்புகளும் போய்விடும். ஃபெதோவின் மேடைக் குறிப்புகளில் யார் எந்தப் பக்கம், எத்தனையாவது இடத்தில் நிற்கிறார்கள் என்பது வரை இருக்கும். ஆரம்பத்தில் நாங்கள் அதை மதிக்காமல் எங்கள் இஷ்டத்துக்கு நகர்ந்தோம், ஒன்றுமே நடக்கவில்லை. நாலாவது வாரம் அவர் சொன்னபடி அப்படியே நின்று பார்த்தோம், நாங்களே சிரித்து வசனத்தை விட்டோம். சந்திக்கக் கூடாத இருவரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சந்திக்க வைக்க வேண்டும் என்பது அவர் விதி என்பார்கள். கதை கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தச் சந்திப்பைக் கடைசி வரை தள்ளிப்போடுவார்கள். அவர் முதலிலேயே வைத்துவிட்டு, இனி என்ன செய்வாய் என்று பாத்திரத்தையே கேட்கிறார்.

சிரிப்புக்கு அடியில் பயமும் இருக்கிறது. போலீஸ் சோதனையில் மாட்டும்போது இருவரும் பொய்ப்பெயர் சொல்கிறார்கள், அந்தப் பொய்யே மறுநாள் கழுத்தை இறுக்குகிறது. வீடு, மானம், கல்யாணம் மூன்றும் போகப்போகிறது என்ற நடுக்கம் நடிகனுக்கு நிஜமாக இருக்க வேண்டும். வேடிக்கையாக நடித்தவர்கள் எங்கள் குழுவில் தோற்றார்கள், நிஜமாகப் பயந்தவர்களுக்குத்தான் அரங்கம் சிரித்தது.

கொத்தமல்லி:

பக்கமேடை, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிரான்சில் விவாகரத்து 1816-இல் ஒழிக்கப்பட்டு 1884-இல்தான் திரும்ப வந்தது. அந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோதே, 1880-இல், சார்தூவும் நஜாக்கும் ‘விவாகரத்து செய்துகொள்வோம்!’ என்று ஒன்று எழுதினார்கள், அதுவும் பலே-ரொயால்தான். காதலன் சட்டம் நிறைவேறிவிட்டதாகப் பொய்த் தந்தி வரவழைக்கிறான். கணவன், சரி, நீ போகலாம் என்று மனைவியை விட்டுக்கொடுக்கிறான். தடை நீங்கியதும் அவளுக்குக் காதலன் மேல் இருந்த ருசி போய்விடுகிறது, கணவன் மேல் ஆசை வருகிறது. நாடகம் மேடையேற முன்அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் அது, அந்தத் தணிக்கை 1906 வரை இருந்தது. அரசியலை நேராகப் பேச முடியாதபோது படுக்கையறை வழியாகப் பேசினார்கள். உங்கள் ஆசிரியரிடம் இதையும் சொல்லுங்கள், ஜன்னலோரம்.

ஜன்னலோரம்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். தொப்பியைப் படித்து முடித்தேன். பாட்டுகளை வாய்விட்டுப் படித்தேன், மெட்டு தெரியாவிட்டாலும் எங்கே மூச்சு நிற்கிறது என்று புரிந்தது.

கொத்தமல்லி, முதல் அங்கத்தைக் கவனிக்கச் சொன்னீர்கள், கவனித்தும் எனக்குத் தெரியவில்லை! (இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.) காது கேளாத அந்தப் பெரியவர் வெசினே கல்யாணப் பரிசு என்று ஒரு பெட்டியைக் கொண்டு வருகிறார், யாரும் கண்டுகொள்வதில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாவது அங்கத்தில் அதற்குள் இத்தாலிய வைக்கோல் தொப்பி! பாரிஸ் முழுக்க ஓடித் தேடியது அவன் வீட்டிலேயே காலையிலிருந்து இருந்திருக்கிறது. அது கிடைத்த பிறகும் விடாமல் தெருவிளக்கில் போய் மாட்டவைக்கிறார்களே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரியவர் உள்ளே வரும் காட்சியை மறுபடி படித்தேன். பெட்டியை மேடையில் வைத்தது லபீஷா, மார்க்-மிஷேலா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.